ஓடக்காரனுக்கு ஒரு மார்க்

உக்காருங்க சார், உக்காருங்க. பையை மேல வெக்காதீங்க, அந்தக் கம்பி ஆடுது. தருமபுரிகிட்ட ஒருத்தரோட தோள்மேலயே ஒரு மூட்டை உழுந்துருச்சு. காலுக்கடியில தள்ளிக்குங்க. இந்தப் பெட்டியா? இது என்றதுதானுங்க. இல்லீங்க, மடியிலயே இருக்கட்டும். இதைக் கீழ வெச்சு எனக்குப் பழக்கமில்ல.

உள்ள என்னவா? கார்டுங்க. ஐயோ, சீட்டாட்டமில்லீங்க சார், அப்படிப் பாக்காதீங்க. என்ற மாமனாரும் இப்படித்தான். கல்யாணமான புதுசுல என்ற ஊட்டுக்காரியத் தனியாக் கூப்பிட்டு, "மாப்ள சீட்டாடறாராமே, கண்ணு?"ன்னு அழுகற மாதிரி கேட்டிருக்காரு. இதுல பைசா வெச்சு ஆடறதெல்லாம் கிடையாதுங்க. கோட்டைவாசல்னு பேரு. கடையில விக்கறாங்க. ஆயிரம் வகை கார்டு இருக்குது. அதுல நாப்பதைப் பொறுக்கி நீங்க ஒரு கட்டு சேப்பீங்க. அதைத்தான் டெக்குன்னு சொல்றது. நானும் ஒரு நாப்பது சேப்பேன். எதிரெதிரே உக்காந்து ஆடறோம். ஆளுக்கு இருபது உயிர். எவனுக்கு முதல்ல தீருதோ அவன் தோத்தான். அவ்வளவுதானுங்க.

ஆனா ஒண்ணு சொல்றேன் சார், ஆட்டம் மேசையில நடக்கறதில்ல. அந்த நாப்பதைப் பொறுக்கறோம் பாருங்க, அங்கயே பாதி முடிஞ்சுருது. இந்தக் கார்டு நல்லதா கெட்டதான்னு சின்னப் பசங்கதான் கேப்பாங்க. எதை எடுத்துட்டு இதைப் போடறேன்னு கேக்கோணும். ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போகோணும். நாப்பத்தொண்ணுக்கு இடமில்லீங்க.

நீங்க என்னங்க பண்றீங்க? வாத்தியாருங்களா! பவானியில எறங்கி ஈரோடு போறீங்களா? பேப்பர் திருத்தற கேம்பா? அப்பச் சரிங்க. அப்ப உங்களுக்குத்தான் என்ற கதை புரியும். நானும் மார்க் போடறவன்தான் சார். வேலையே அதுதான். கோயமுத்தூர்ல பம்ப் கம்பெனியில இருக்கேன், வர்ற உருப்படியெல்லாம் கையில எடுத்துப் பாத்து, இது நிக்கும் இது நிக்காதுன்னு சொல்லோணும். பத்தொம்பது வருசம். இப்பெல்லாம் கையில எடுக்கறதுகூட இல்லீங்க, தட்டுல இருக்கறப்பவே தெரிஞ்சுரும். எங்க மேனேஜரே சொல்லுவாரு, சம்பத் கண்ணு பட்டா அளவுகோல் வேண்டாம்னு.

சரி, கேளுங்க. நாங்க நாலு பேரு. நான், மௌலி, பெனடிக்டு, அப்பறம் சுதா. ஜெயசுதா. அந்தப் புள்ளதான் இன்னிக்கு என்ற முதுகுல குத்துனது.

ஆமாங்க. குத்துனதுன்னுதான் சொல்லுவேன். பெங்களூர்ல இருந்து மௌலி கார்ல வந்திருக்க வேண்டியவன் இந்தப் பஸ்ஸுல உக்காந்துட்டு வர்றேன்னா அதனாலதான். ஒரே கார்ல எப்படிங்க உக்காந்து வர்றது? போனையும் அணைச்சுப் போட்டுட்டேன். ஓசூர் வர்றதுக்குள்ள ஆறு தடவை கூப்புட்டுச்சு.

நாலு மாசத்துக்கு ஒருக்கா புதுசா நூத்திச்சில்லறை கார்டு வருமுங்க. காந்திபுரத்துல ஒரு பேக்கரி மாடியில வாராவாரம் ஞாயித்துக்கிழமை கூடி ஆடுவோம், புதுசு வந்த வாரம் மட்டும் மார்க் போடறதுதான் வேலை. ஒவ்வொரு கார்டுக்கும் ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் மார்க். ஒருத்தரப் பாத்து ஒருத்தர் போடக்கூடாதுன்னு ஆளுக்கொரு துண்டுக் காகிதம். முன்னால மார்க்கு, பின்னால காரணம். மடிச்சு நடுவுல வெச்சுரோணும். நாலும் சேந்தப்பறம் ஒண்ணாத்தான் பிரிக்கோணும். பதினோரு வருசத்துக்கு முந்தி இதை நாந்தான் கொண்டாந்தேன். காரணம் எழுதோணும்ங்கறதும் என்ற ரூலுதான். இல்லாட்டி பெனடிக்டு, படத்துல குதிர நல்லாருக்குதுன்னு அஞ்சு போட்டுருவானுங்க. போட்டிருக்கான்.

அப்பறம் நாலையும் பாத்து நான் கடைசி மார்க் சொல்லுவேன். அதுல நாலோ அஞ்சோ வாங்குனாத்தான் எங்க பட்டியல்ல வரும். பட்டியல்ல இல்லாத கார்டை எங்க ஆளு எவனும் போட்டியில போடக்கூடாது. அதுவும் ரூலு.

சுதா வந்து மூணு வருசமாச்சு. அதுக்கு முந்தி திருப்பூர்ல ஆடிக்கிட்டு இருந்துச்சு. ரத்தம் டெஸ்ட் எடுக்கற லேப்ல வேலை. கோயமுத்தூருக்கு மாத்தி வந்தப்ப, மௌலிக்கும் பெனடிக்டுக்கும் சேத்துக்கறதுல அத்தனை இஷ்டமில்ல. நாந்தான் இருக்கட்டும்டான்னேன். அதை யாரும் மறக்கக் கூடாதுங்க. நல்லா ஆடும், இல்லைன்னு சொல்லல. ஆனா ஒரே நச்சு. ஒரு கார்டைக் கையில வெச்சு முன்னால பின்னாலன்னு பத்து நிமிசம் பாக்கும். "லேப்புல அப்படிப் பழகிருச்சுங்கண்ணா, டியூப்ல ஒரு பக்கம் பேரு, ஒரு பக்கம் நம்பரு. ஒண்ண மட்டும் பாத்தா ஆளே மாறிப் போயிரும்"ங்கும். அது ரத்தம், இது கார்டுன்னு நான் சொல்லுவேன்.

இன்னொண்ணு, டீ. வாராவாரம் மாடிப்படி எறங்கறப்ப, "அண்ணா, இன்னிக்கு டீ உண்டுங்களா?" சிரிச்சுக்கிட்டே கேக்கும். மூணு வருசமாக் கேக்குது சார். முதல்ல வெளையாட்டுன்னு விட்டேன். அப்பறம் எரிச்சலாப் போச்சு. மாசச் சம்பளம் வாங்கற புள்ள, பத்து ரூவா டீக்கு இன்னொருத்தன் வாயைப் பாக்குதேன்னு.

சரி, விசயத்துக்கு வர்றேன். இந்தத் தடவை வந்த கார்டுல ஓடக்காரன்னு ஒண்ணு. இருங்க, காட்டறேன். இந்தாங்க. படகு, துடுப்பு, தலைப்பாக்கட்டு. படம் அருமையா இருக்குதுங்களா? இதுக்கு ரெண்டு காசு குடுத்து மேசைக்குக் கொண்டாரோணும். காசுன்னா ஆட்டத்துக்குள்ள இருக்கற காசுங்க. வந்ததும் என்ன பண்ணுவான்? நம்ம பக்கம் நிக்கற ஒரு ஆளைத் தூக்கி நம்ம கைக்கே திருப்பிக் குடுப்பான். எதிராளியோட ஆளை இல்லீங்க, நம்ம ஆளை! கூலி குடுத்து நம்ம வேலைக்காரனையே ஊட்டுக்குத் தாட்டி விடற மாதிரி. பலம் எவ்வளவு, அதாவது அடிச்சா எதிராளிக்கு எத்தனை உயிர் போகும்? ஒண்ணு. நீங்களே சொல்லுங்க, இதுக்கு எவ்வளவு போடுவீங்க?

அப்படிங்களா? நானும் ஒண்ணுதான் போட்டேன். மௌலி ஒண்ணு, பெனடிக்டு ரெண்டு. சுதா அஞ்சு.

மேசையே சிரிச்சுருச்சுங்க. நாந்தான் முதல்ல சிரிச்சேன், ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது. "என்ன சுதா, படகு நல்லாருக்குதா?"ன்னு கேட்டேன். அந்தப் புள்ளையும் சிரிச்சுச்சு. சிரிச்சுட்டு, "பின்னால எழுதிருக்கேனுங்கண்ணா"ன்னுச்சு. சரி சரின்னு நான் அடுத்த கார்டுக்குப் போயிட்டேன். இன்னும் எழுவது கார்டு இருக்குது சார், இருட்டறதுக்குள்ள முடிக்க வேண்டாமா? ஓடக்காரனுக்கு ஒரு மார்க்கு. முடிஞ்சுது.

இதுக்குப் பதிலா என்ற டெக்குல என்ன இருக்குதுன்னு பாருங்க. கல்தூண். பலம் அஞ்சு. நட்டா நட்டதுதான், எவனும் அசைக்க முடியாது. மூணு கல்தூண் வெச்சிருக்கேன், ஒரே கார்டு மூணுக்கு மேல வெக்கக்கூடாது. அப்பறம் மணிக்காரன் மூணு. மணிக்காரன் மேசைக்கு வர்றப்ப ஒருக்கா மணியடிப்பான், எதிராளிக்கு ரெண்டு உயிர் போயிரும். அதோட அவன் வேலை முடிஞ்சுது, சும்மா நிப்பான். அருமையான டெக்கு சார். நாலு பேரும் இந்தத் தடவை அதையேதான் ஆடறதுன்னு முடிவு பண்ணுனோம். முடிவு பண்ணுனேன்.

நேத்தும் இன்னிக்கும் பெங்களூர்ல ஒரு கல்யாண மண்டபத்துல போட்டி. தென்மாநிலம் முச்சூடும் இருந்து நூத்தி அறுவது பேரு. கடைசி ஆட்டத்துக்குப் போற ரெண்டு பேரும் டெல்லியில நடக்கற தேசியப் போட்டிக்குப் போலாம். நான் பதினோரு வருசமாப் போறேன் சார். ரெண்டு தடவை கடைசி எட்டு வரைக்கும் வந்திருக்கேன். அதுக்கு மேல போனதில்ல. இந்த வருசம் போகலைன்னா விட்டுர்றேன்னு என்ற ஊட்டுக்காரிகிட்ட சொல்லிப்போட்டுத்தான் கெளம்புனேன்.

நேத்துக் காலையில டெக்கு எழுதிக் குடுக்கற நேரம். நாப்பது கார்டு பேரையும் தாள்ல எழுதோணும், அப்பறம் மாத்த முடியாது. சுதா பக்கத்துல வந்து நிக்குது. "அண்ணா, கடைசியா ஒருக்கா கேக்கறேனுங்க. கல்தூண எடுத்துட்டு ஓடக்காரனப் போட்டுக்குங்க."

"மார்க்குப் போட்டாச்சு சுதா."

"மார்க்க விடுங்கண்ணா. நான் எழுதுன காரணத்தப் படிச்சீங்களா?"

"படிச்சேன் படிச்சேன்"னேன். எழுதிட்டு இருக்கறேன், தப்பாயிட்டா வேற தாள் தர மாட்டாங்க. ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே சார். அந்தப் புள்ள கொஞ்ச நேரம் என்ற மூஞ்சியவே பாத்துட்டு நின்னுச்சு. "படிச்சீங்களாண்ணா?"ன்னு இன்னொருக்கா கேட்டுச்சு. "அட, படிச்சேன் சுதா"ன்னேன். "சரிங்கண்ணா"ன்னுட்டுப் போயிருச்சு. அந்தப் பார்வைய நான் அப்பவே கவனிச்சிருக்கோணும். அங்கதான் மனசுல முடிவு பண்ணிருக்குது.

இன்னிக்குக் காலையில நாலு பேரு மிச்சம். நான் ஒருத்தன். எதிர்ல யாருன்னு பாத்தா சுதா. சந்தோசமாத்தான் உக்காந்தேன் சார், பொய் சொல்லல. எங்க ஊரு ஆளு ஒருத்தர் டெல்லி போறது உறுதியாச்சே. டெக்கும் ஒண்ணு. எவன் கைக்கு நல்ல கார்டு வருதோ அவன் ஜெயிப்பான்னு நினைச்சேன்.

என்ற பக்கம் ரெண்டு கல்தூண் நிக்குது. எனக்கு நாலு உயிர் பாக்கி, சுதாவுக்கு மூணு. அடுத்த தடவை ஒரு தூண் அடிச்சா அந்தப் புள்ள காலி. சுதாகிட்ட மணிக்காரன் ஏற்கெனவே வந்து, அடிச்சு, சும்மா நிக்கறான். அப்பக் கையில இருந்து ஒரு கார்டை எடுத்து வெக்குது. படகு. துடுப்பு. தலைப்பாக்கட்டு.

எனக்குக் கண்ணே தெரியலீங்க. மணிக்காரனைக் கைக்கு எடுத்து, அங்கயே மறுபடியும் எறக்குச்சு. ரெண்டு உயிர். மிச்சமிருந்த காசுக்கு இன்னொரு ஓடக்காரன். மறுபடியும் மணிக்காரன். ரெண்டு உயிர். என்ற கல்தூண் ரெண்டும் அஞ்சஞ்சு பலத்தோட நின்னு வேடிக்க பாத்துட்டு இருக்குது.

ஆட்டம் முடிஞ்சு சுதாவோட தாளை வாங்கிப் பாத்தேன். முப்பத்தேழு கார்டு என்றதுதான். மூணு மட்டும் வேற.

இதுக்குப் பேரு என்னங்க சார்? பட்டியல்ல இல்லாத கார்டு. எங்ககூட உக்காந்து, எங்க மேசையில பேசுனதெல்லாம் கேட்டுட்டு, எங்களுக்குத் தெரியாம மூணு கார்டை மாத்தி, அதையும் என்ற மேலயே போட்டு! நெஞ்சு எரியுதுங்க. வெளியாளு ஜெயிச்சிருந்தா கை குடுத்துட்டு வந்திருப்பேன். சுதா கை நீட்டுச்சு, நான் குடுக்கல. அப்பக்கூட அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு தெரியுங்களா? "வாங்கண்ணா, டீ குடிக்கலாம். இன்னிக்கு நான் வாங்கித் தர்றேன்." ஜெயிச்சுப்போட்டு என்னைக் கேலி பண்ணுது! பெட்டிய எடுத்துட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன்.

என்னங்க கேட்டீங்க? நான் அந்த மாதிரி பண்ணுனதே இல்லையான்னா?

ஒண்ணு இருக்குதுங்க. ஆனா அது வேற. ரெண்டு வருசத்துக்கு முந்தி உப்பு வண்டின்னு ஒரு கார்டு. அதுக்கு நான் ரெண்டு மார்க் சொன்னேன். அப்பறம் ஈரோட்டுப் போட்டியில நானே போட்டு ஆடுனேன். ஜெயிச்சேன்தான். ஆனா அது ஒரு சோதனைக்குங்க. எல்லாருக்கும் சொல்லிப் பாழாயிருச்சுன்னா? நான் மார்க் போடறவன், எனக்குச் சோதிச்சுப் பாக்கற பொறுப்பு இருக்குது. மௌலிக்குக் கொஞ்சம் முகம் சுருங்கிப் போச்சு. சுதா "நல்ல கார்டுங்களாண்ணா அது?"ன்னு மட்டும் கேட்டுச்சு. அந்தக் கார்டுக்கு சுதா நாலு போட்டிருந்துச்சு. அதுக்கப்பறம்தான் எல்லாருக்கும் ஒரு கட்டுப்பாடு வேணும்னு அந்தப் பட்டியல் ரூலையே நான் கொண்டாந்தேன். ஏனுங்க சிரிக்கறீங்க?

நான் சொல்றதுல நம்பிக்க இல்லைன்னா காட்டறேன் சார். இந்தத் தடவை போட்ட துண்டெல்லாம் இதுலயேதான் இருக்குது. ரப்பர் போட்டு ஆளுக்கொரு கட்டு. இது சுதாவோடது. ஓடக்காரன்... ஓடக்காரன்... இந்தாங்க. அஞ்சு. பாத்தீங்களா? பெரிசா, வட்டம் போட்டு. மூணு பேரு சிரிக்கற கார்டுக்கு அஞ்சு போட்டா வெளையாட்டுக்குன்னுதானே சார் நினைப்போம்?

ஏனுங்க திருப்பறீங்க?

ஓ. வாத்தியாரு பழக்கம். இல்லீங்க, பின்னாலயெல்லாம் நான் பாக்கறதில்ல. ஆரம்பத்துல பாத்தேன். நாலு பேரு, நூத்திருவது கார்டு, எத்தனை ஆச்சு பாருங்க? மார்க்கப் பாத்தாலே என்ன எழுதிருப்பாங்கன்னு தெரிஞ்சுரும். எழுத்து பொடிசா இருக்குது, என்ற கண்ணாடி பைக்குள்ள இருக்குது. நீங்களே படிங்க.

"அண்ணா, இது என் டெக்குக்கு இல்லீங்க, உங்க டெக்குக்கு. மணிக்காரனைக் கைக்கு எடுத்து மறுபடி அடிக்கலாம். கல்தூண எடுத்துட்டு இதைப் போட்டீங்கன்னா இந்த வருசம் நீங்க டெல்லி போயிருவீங்க. மூணு கார்டு உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன். கேளுங்க, குடுத்துர்றேன்."

இன்னொருக்கா படிங்க.

"கேளுங்க, குடுத்துர்றேன்."

படிச்சேன்னு சொன்னனுங்களே சார். ரெண்டு தடவை சொன்னேன். படிச்சவன் அந்த மூணு கார்டைக் கேக்காம இருப்பானா? அதுக்குத்தான் அந்தப் புள்ள அப்படிப் பாத்துட்டு நின்னுதுங்களா?

அதுக்காக... வாயத் தொறந்து சொல்லிருக்கலாமில்லீங்க? நேருக்கு நேரா? ஒரு வார்த்த?

ஆமா. கேட்டுச்சு. நேத்துக் காலையிலயும் பக்கத்துல வந்து நின்னு கேட்டுச்சு.

அடுத்ததையும் பாக்கறீங்களா? பாருங்க. அது நெல்லுக்கிடங்கு. என்ன எழுதிருக்குது? வெறும் காரணம்தானா? சரி. அது? அது விளக்குத்தூக்கி, அதுக்கு மூணுன்னு போட்டிருந்துச்சு. ஏன் நிறுத்திட்டீங்க? படிங்க சார், பரவால்ல.

"அண்ணா, வழக்கம்போல இந்தத் தடவையும் ஒரு துண்டுல எழுதறேன். இதைப் படிச்சீங்கன்னா எறங்கறப்ப எனக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க. அதை வெச்சே நீங்க படிச்சீங்கன்னு தெரிஞ்சுக்குவேன்."

வழக்கம்போலன்னா எழுதிருக்குது?

மூணு வருசமுங்க சார். நாலு மாசத்துக்கு ஒருக்கான்னா எத்தனை தடவை? ஒவ்வொரு கட்டுலயும் ஒண்ணு எழுதி வெச்சுட்டு, வாராவாரம் படிக்கட்டுல நின்னு சிரிச்சுக்கிட்டே கேட்டிருக்குது. நான் இல்ல நேரமாச்சுன்னுட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிருக்கேன். ஒரு நாளு, "உனக்கு இதே வேலையாப் போச்சு சுதா"ன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லிப்போட்டேன். அதுக்கும் சிரிச்சுச்சு.

வெசனமா இருக்குதுங்க.

வண்டி நின்னுருச்சா? எந்த ஊரு, சங்ககிரியா? பத்து நிமிசமாம், கண்டக்டர் கத்தறாரு. நீங்க எறங்கி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க சார். எனக்கு வேண்டாமுங்க. இன்னும் நூத்திப் பதினேழு துண்டு இருக்குது. கண்ணாடிய எடுத்துப் போட்டுக்கறேன்.

அந்தத் துண்டை மட்டும் குடுத்துட்டுப் போங்க. இல்லீங்க, திருப்பாதீங்க. அந்தப் பக்கமாவே குடுங்க.